கீபோர்டின் தலையெழுத்து

நம் நாட்டில் யாருக்காவது ஒரு கஷ்டம் வந்துவிட்டால், அதற்குக் காரணம் என்ன, பரிகாரம் என்ன என்று யோசிப்பதற்கு முன்னமேயே ஒரு பதில் தயாராய் வந்து நிற்கின்றது. "அவன் தலையெழுத்து அப்படி, யார் என்ன செய்ய முடியும்?" என்பதுதான் அந்தப் பதில். இந்தப் பதிலைச் சொல்லுகிறவனுக்கு அதனால் யாதொரு செலவும் இல்லை, சிரமமும் இல்லை. கேட்கிறவனுக்கோ வாழ்நாள் முழுதும் நஷ்டம். இந்தத் தலையெழுத்து என்னும் சொல் இப்போது கோயில் வாசலையும் ஜோசியன் திண்ணையையும் விட்டுக் கம்ப்யூட்டர் கடைக்கும் வந்து சேர்ந்துவிட்டது என்பதைச் சொல்லத்தான் இதை எழுதுகின்றோம்.

புதுவை உப்பளத்தில் நமக்கு வேண்டிய தோழர் ஒருவர் இருக்கின்றார். பஞ்சாலை ஒன்றில் வேலை பார்த்தவர். இயந்திரத்தில் அகப்பட்டு வலது கையின் விரல்களை இழந்தவர். வேலை போன பிறகு அவர் பிறர் கையை எதிர்பாராமல், ரேஷன் கார்டுக்கும் முதியோர் பென்ஷனுக்கும் வீட்டு வரிக்கும் அலைகின்ற ஏழை ஜனங்களுக்கு மனு எழுதிக் கொடுத்து வந்தார். நாளடைவில் கையால் எழுதிய மனுவைவிட டைப் செய்த மனுவையே ஜனங்கள் விரும்ப ஆரம்பித்தார்கள். தோழர் இடது கை ஒன்றினாலேயே தமிழில் டைப் செய்யப் பார்த்தார். கை பலகையின் இந்த மூலைக்கும் அந்த மூலைக்குமாக ஓடி ஓடி, ஒரு பக்க மனுவுக்குள் தோளும் மணிக்கட்டும் வலித்துப் போகும். ஒரு கைக்கு ஏற்ற கீபோர்டு ஏதேனும் உண்டா என்று ஒரு கடையில் போய்க் கேட்டார். "கீபோர்டு என்றால் இரண்டு கைக்குத்தான் அண்ணே. கம்பெனியில் எப்படி எழுதி அனுப்பினார்களோ அப்படித்தான் வேலை செய்யும். உங்கள் தலையெழுத்து, என்ன செய்வது?" என்று கடைக்காரர் சொன்னாராம். இதைப் படிப்பகத்தில் வந்து தோழர் சொல்லிக்கொண்டிருந்தபோது, பாலிடெக்னிக்கில் படிக்கின்ற பக்கத்துத் தெருப் பெண் ஒருத்தி அங்கே இருந்தாள். "கம்பெனியில் எழுதினதுதானே மாமா? அப்படியானால் அழித்துவிட்டு நாம் எழுதிக்கொள்ளலாம்" என்றாள்.

அவள் சொன்னது வேடிக்கைக்குச் சொன்ன வார்த்தையல்ல. அக்ஷரம் பிசகாத உண்மை. எப்படி என்று பார்ப்போம்.

முதலாவது, கீபோர்டில் எழுத்து எங்கே இருக்கின்றது? விசையின் மேல் அச்சடித்திருப்பதால் எழுத்து விசைக்குள்ளேயே இருப்பதாக ஜனங்கள் நினைக்கின்றார்கள். புதுவைக்காரர்கள் இதை எளிதில் பரீட்சித்துப் பார்க்கலாம். பிரான்சில் உறவினர் உள்ள வீடுகளில், அங்கிருந்து கொண்டுவந்த கீபோர்டு ஏதாவது மூலையில் கிடக்கும். அதில் ஆங்கிலக் கீபோர்டில் கியூ இருக்கும் இடத்தில் ஏ என்று அச்சடித்திருக்கும். "இது பிரெஞ்சுக் கீபோர்டு, நமக்கு ஆகாது" என்று ஒதுக்கி வைத்திருப்பார்கள். அதை ஆங்கிலத்துக்கு அமைத்த கம்ப்யூட்டரில் மாட்டி அந்த ஏ என்ற விசையை அமுக்கினால், திரையில் கியூ என்றுதான் விழும். ஏனென்றால் கீபோர்டு அனுப்புவது எழுத்தை அல்ல, ஒரு எண்ணைத்தான். அந்த இடத்து விசைக்கு எண் 20. அந்த 20 என்பதை ஆங்கில அமைப்பு கியூ என்று படிக்கும். பிரெஞ்சு அமைப்பு ஏ என்று படிக்கும். தமிழ்99 அமைப்பு ஆ என்று படிக்கும். எண் ஒன்று, அர்த்தம் மூன்று. ஆகவே விசையின் தலையில் எழுதியிருக்கும் எழுத்து வெறும் மைதானேயொழிய வேறில்லை.

இரண்டாவது, அந்த எண்ணை அனுப்புவது யார்? கீபோர்டுக்குள் மைக்ரோ கன்ட்ரோலர் என்று ஒரு சிறு சிப்பு இருக்கின்றது. கட்டைவிரல் நகத்தளவுகூட இல்லாத சிறு கம்ப்யூட்டர் அது. 60 விசைகளுக்கு 60 கம்பி இழுக்காமல், விசைகளை 5 வரிசையும் 12 பத்தியுமாகக் கட்டி, 17 கம்பிகளிலேயே வேலையை முடித்துக்கொள்கின்றார்கள். சிப்பு ஒவ்வொரு வரிசையாக மின்சாரம் கொடுத்து, எந்தப் பத்தியில் அது திரும்பி வருகின்றது என்று வினாடிக்குப் பல நூறு தடவை பார்த்துக்கொண்டே இருக்கும். மூன்றாவது வரிசையில் கொடுத்தது ஐந்தாவது பத்தியில் வந்தால் இன்ன விசை அமுங்கியிருக்கின்றது என்று தெரிந்துகொள்ளும். இரண்டு மூன்று விசைகளை ஒன்றாய் அமுக்கும்போது மின்சாரம் வழி தவறிப் போகாமலிருக்க, விசைக்கு ஒரு டயோடு வைப்பார்கள்.

மூன்றாவது, இன்ன விசைக்கு இன்ன எண் என்று அந்தச் சிப்புக்குச் சொல்லிக் கொடுத்தது யார்? சிப்புக்குள் எழுதி வைத்திருக்கும் கட்டளைத் தொகுதிதான். இதற்கு ஃபர்ம்வேர் என்று பெயர். கரண்டு போனாலும் அழியாத ஃபிளாஷ் நினைவகத்தில் அது இருக்கின்றது. அதைச் சிப்பில் எழுதுவதைத்தான் ஃபிளாஷ் செய்தல் என்கின்றார்கள். கீபோர்டுக்குத் தலையெழுத்து என்று ஒன்று உண்டானால் அது இதுதான்.

ஆனால் இந்தத் தலையெழுத்துக்கும் ஜோசியன் சொல்லுகின்ற தலையெழுத்துக்கும் பெரிய வித்தியாசம் இருக்கின்றது. ஜோசியனுடையதை எழுதியவன் யார் என்று கேட்டால் ஆகாயத்தைக் காட்டுவான். இதை எழுதியவன் நம்மைப்போல் சோறு தின்கிற மனிதன். ஜோசியனுடையதைப் பார்க்க முடியாது, படிக்க முடியாது, திருத்த முடியாது. இதையோ, மறைக்காமல் கொடுத்திருந்தால் எவரும் படிக்கலாம், அழிக்கலாம், மறுபடியும் எழுதலாம்.

மறைக்காமல் கொடுத்திருந்தால் என்று சொன்னோம். விஷயமெல்லாம் அதில்தான் இருக்கின்றது. கடைகளில் விற்கும் கீபோர்டுகள் மிகப்பலவற்றில் அந்தக் கட்டளைகளைக் கம்பெனிக்காரன் பூட்டி வைத்துக்கொள்கின்றான். காசு கொடுத்து வாங்கினவன் அதைப் படிக்கவும் முடியாது, மாற்றவும் முடியாது. ஒரு கூட்டத்தார் மாத்திரம் படிக்கலாம், மற்றவர்கள் காதால் கேட்கவும் கூடாது என்று ஏட்டைப் பூட்டி வைத்திருந்த நாட்டில் பிறந்த நமக்கு, இந்த ஏற்பாட்டின் யோக்கியதையை யாரும் விளக்க வேண்டியதில்லை.

இதை எதிர்த்துக் கிளம்பியவர்கள் உலகத்தில் உண்டு. அமெரிக்காவில் எம்.ஐ.டி. என்னும் கல்விச்சாலையில் வேலை பார்த்த ரிச்சர்டு ஸ்டால்மன் என்பவர், 1980-ஐ ஒட்டி, தங்கள் அச்சு இயந்திரத்தின் குறையைத் திருத்துவதற்கு அதன் மூலக்கட்டளைகளைக் கேட்டபோது கொடுக்க மறுத்துவிட்டார்கள். பின்னர் 1983-ல் அவர், எவரும் படிக்கவும் திருத்தவும் பிறருக்குக் கொடுக்கவும் உரிமையுள்ள மென்பொருள்களைச் செய்வதாக அறிவித்து வேலையை ஆரம்பித்தார். 1989-ல் ஜி.பி.எல். என்னும் உரிமப் பத்திரம் வந்தது. "நான் உனக்குக் கொடுத்த உரிமையை நீ பிறருக்கு மறுக்கக் கூடாது" என்பதுதான் அதன் சாரம். கீபோர்டுக்கென்று ஜுன் வாக்கோ என்பவர் டி.எம்.கே. என்று ஒரு ஃபர்ம்வேரை எழுதி வெளியிட்டார். அதிலிருந்து கிளைத்து, ஜாக் ஹம்பர்ட் என்பவர் தொடங்கியதுதான் இன்று உலகமெங்கும் வழங்கும் கியூ.எம்.கே. இதுவும் ஜி.பி.எல். உரிமத்தின் கீழேயே இருக்கின்றது. பல தேசத்தார் அதில் கை வைத்துத் திருத்தியிருக்கின்றார்கள். யாருடைய ஜாதியையும் அதில் கேட்பதில்லை.

இனி உப்பளத்தில் நடந்ததைச் சொல்லுவோம். அந்தப் பெண் ஆர்.பி.2040 என்னும் சிப்பு வைத்த பைக்கோ என்ற சிறு பலகை ஒன்றை வாங்கினாள். இது 2021-ல் வெளிவந்தபோது இதன் விலை 4 டாலர். பழைய விசைகளைச் சேர்த்து, ஒரு தகட்டில் துளையிட்டுப் பதித்து, 5 வரிசை 12 பத்தியாகக் கம்பியும் டயோடும் பற்றவைத்தாள். கம்ப்யூட்டரில் லினக்ஸ் போட்டு, அதில் கியூ.எம்.கே. கருவிகளை இலவசமாக இறக்கிக்கொண்டாள். எந்த விசைக்கு எந்த எண் என்பது அதில் ஒரு சாதாரணப் பட்டியலாய் இருக்கின்றது. பட்டியலை மாற்றி, ஒரு கட்டளை கொடுத்தால், சிப்புக்குப் புரியும்படியான ஒரு கோப்பு உண்டாகின்றது. பைக்கோவின் மேலுள்ள சிறு பொத்தானை அமுக்கிக்கொண்டே யு.எஸ்.பி. கம்பியைக் கம்ப்யூட்டரில் செருகினால், அது ஒரு பென்டிரைவ் போலத் திரையில் தோன்றும். கோப்பை அதற்குள் நகல் செய்தால் போதும். பலகை தானே எழுதிக்கொண்டு, தானே மறுபடி புறப்பட்டு, கீபோர்டாக வந்து நிற்கும். இதில் மந்திரம் எங்கே இருக்கின்றது? நல்ல நேரம் எங்கே பார்க்க வேண்டியிருக்கின்றது?

முதல் நாள் பென்டிரைவ் தோன்றவேயில்லை. சுற்றி நின்றவர்களில் ஒருவர், "ராகு காலத்தில் ஆரம்பித்தீர்கள், அதுதான்" என்று சிரித்தார். அந்தப் பெண் சிரிக்கவில்லை. கம்பியை மாற்றிச் செருகினாள், உடனே தோன்றிற்று. முதல் கம்பி செல்போனுக்குச் சார்ஜ் போடுவதற்கு மாத்திரம் செய்தது. அதற்குள் மின்சாரம் போகும் கம்பி உண்டு, செய்தி போகும் கம்பி இல்லை. ராகு காலம் அந்தக் கம்பிக்குள்தான் இருந்தது!

இப்போது ஒரு கைக்கு எப்படி ஆயிற்று என்பதைக் கவனியுங்கள். தமிழ்99 என்னும் விசையமைப்பு 1999-ல் சென்னையில் நடந்த தமிழ்இணையம் மாநாட்டை ஒட்டி வகுக்கப்பட்டுத் தமிழ்நாடு அரசாங்கத்தால் ஏற்கப்பட்டது. அதில் உயிரெழுத்து 12-ம் புள்ளியும் இடது கைப்பக்கம் இருக்கின்றன. மெய் வரிசை 18-ல் வ, ங இரண்டு தவிர மற்ற 16-ம் வலது கைப்பக்கம் இருக்கின்றன. மெய்யையும் உயிரையும் அடுத்தடுத்து அமுக்கினால் உயிர்மெய் தானே உண்டாகும். ஆதலால் 31 விசைகளுக்குள் 247 எழுத்தும் அடங்கிவிட்டன.

கியூ.எம்.கே.யில் கை மாற்று என்று ஒரு வசதி இருக்கின்றது. ஒரு விசையை அமுக்கிப் பிடித்துக்கொண்டால், கண்ணாடியில் தெரிவதுபோல் வலப்பக்கத்து எழுத்துக்கள் இடப்பக்கத்து விசைகளில் வந்துவிடும். இடது பெருவிரலுக்கு எட்டும் இடைவெளி விசையையே அதற்கு வைத்தாள். தட்டினால் இடைவெளி, அமுக்கிப் பிடித்தால் கை மாற்று. 12 பத்தியை நடுவில் ஒரு காகிதம் போல் மடித்ததாக வைத்துக்கொள்ளுங்கள். அ-வின் மேல் ந வந்து உட்காருகின்றது. இ-யின் மேல் த. உ-வின் மேல் ம. புள்ளியின் மேல் ப. எ-யின் மேல் க. இப்படியே வலக்கோடியிலுள்ள ச, ய, ஞ மூன்றும் இடக்கோடி விசைகளில் வந்துவிட்டன. ஆக, தோழருக்கு உயிரெழுத்து சும்மா அமுக்கினால் வருகின்றது. மெய்யெழுத்து பெருவிரலைப் பிடித்துக்கொண்டு அமுக்கினால் வருகின்றது. தமிழ் என்று எழுத வேண்டுமானால், பெருவிரலை அழுத்திக்கொண்டு த, ம, விட்டுவிட்டு இ, மறுபடி அழுத்திக்கொண்டு ழ, விட்டுவிட்டுப் புள்ளி. கை அங்குமிங்கும் ஓடுவதே இல்லை.

இதோடு முடிந்துவிடவில்லை. முதல் வாரம் தோழர் டைப் செய்த மனுக்களில் சொல்லும் சொல்லும் ஒட்டிக்கொண்டே வந்தன. காரணம் என்னவென்றால், விசையை 200 மில்லி வினாடிக்கு மேல் அமுக்கினால் அது தட்டினதல்ல, பிடித்ததாகும் என்று ஃபர்ம்வேரில் வழக்கமாக எழுதியிருக்கின்றது. நம் தோழரின் பெருவிரல் பஞ்சாலையில் உழைத்துக் காய்த்த விரல். மெள்ளத்தான் எழும். இடைவெளிக்காகத் தட்டினதையும் சிப்பு பிடித்ததாகவே எண்ணிக்கொண்டது. பூட்டிய கீபோர்டாயிருந்தால் "உமக்கு வேகம் போதாது, பழகிக்கொள்ளும்" என்று மனிதனைத்தான் திருத்துவார்கள். இங்கே அந்தப் பெண் 200 என்ற எண்ணை 300 என்று மாற்றி மறுபடி ஃபிளாஷ் செய்தாள். சொற்கள் பிரிந்தன, ஆனால் மெய்யெழுத்துக்கு அதிக நேரம் காத்திருக்க வேண்டியதாயிற்று. பிறகு 250 என்று வைத்தாள். சரியாய்ப் போயிற்று. ஒவ்வொரு தடவையும் சில நிமிஷ வேலைதான். மனிதனுக்காகக் கருவியா, கருவிக்காக மனிதனா என்ற பெரிய கேள்விக்கு, 250 என்ற ஓர் எண்ணே பதில் சொல்லிவிட்டது.

இது நமக்குப் புதிய எண்ணமல்ல. யாழ்ப்பாணத்தவரான ஆர். முத்தையா தமிழ் டைப்ரைட்டரை உருவாக்கியபோது, நம் எழுத்துக்கள் அத்தனையையும் அந்தச் சிறு இயந்திரத்தில் அடக்குவது எவ்வளவு பாடு என்பது தெரிந்தது. 1935-ல் குடி அரசு பத்திரிகை ணா, றா, னா, லை, ளை முதலான எழுத்துக்களைச் சீர்திருத்தி அச்சிட ஆரம்பித்தபோது, "எழுத்தில் கை வைக்கலாமா? மொழி என்னாவது?" என்று கூச்சலிட்டார்கள். 1978-ல் தமிழ்நாடு அரசாங்கமே அந்தச் சீர்திருத்தத்தில் பெரும்பகுதியை ஏற்று உத்தரவு போட்டது. இன்று கூச்சலிட்டவர்களின் பேரப்பிள்ளைகள் அந்த எழுத்தில்தான் பரீட்சை எழுதுகின்றார்கள். மொழி அழிந்தா போயிற்று? எழுத்தையே மனிதனுக்கு ஏற்றபடி மாற்றிக்கொண்ட நாம், விசையை மாற்றிக்கொள்ளப் பயப்படுவானேன்?

இதற்குச் சில ஆட்சேபணைகள் சொல்லப்படலாம்.

"இதெல்லாம் என்ஜினீயர் வேலை, நமக்கேன்?" என்பது ஒன்று. பட்டியலில் ஓர் எண்ணை அழித்து இன்னோர் எண்ணை எழுதுவதற்கு ஆங்கில எழுத்து படிக்கத் தெரிந்து பொறுமையும் இருந்தால் போதும். ஒருவர் செய்து காட்டினால் மற்றவர் செய்யலாம். சுதந்திர மென்பொருளைப் பரப்புகின்ற இளைஞர்கள் புதுவையிலும் விழுப்புரத்திலும் இருக்கின்றார்கள். போய்க் கேட்டால் சொல்லிக் கொடுப்பார்கள்.

"தப்பாக எழுதிவிட்டால் கீபோர்டு செத்துவிடுமே" என்பது இன்னொன்று. ஆர்.பி.2040-ல் ஃபிளாஷை எழுத உதவும் முதல் கட்டளைகள், அழிக்கவே முடியாதபடி சிப்போடு சிப்பாக வார்க்கப்பட்டிருக்கின்றன. எவ்வளவு தப்பாக எழுதினாலும், பொத்தானை அமுக்கிக்கொண்டு செருகினால் மறுபடி எழுதலாம். வேறு சிப்புகளில் சற்று ஜாக்கிரதை வேண்டும். எந்தப் பலகையோ அதற்குரிய கோப்பைத்தான் எழுத வேண்டும்.

மூன்றாவது ஆட்சேபணை நியாயமானது. அதை நாமே சொல்லிவிடுகின்றோம். கீபோர்டு நாம் அடிக்கும் எழுத்தையெல்லாம் பார்க்கின்றது. பாங்கிக் கணக்கின் இரகசியச் சொல்லையும் பார்க்கின்றது. யு.எஸ்.பி. சாதனம் ஒன்றின் ஃபர்ம்வேரை மாற்றி, அது தானே கீபோர்டைப் போல நடித்துக் கம்ப்யூட்டருக்குக் கட்டளை அடிக்கும்படி செய்யலாம் என்று ஜெர்மன் ஆராய்ச்சியாளர்கள் 2014-ல் அமெரிக்காவில் ஒரு மாநாட்டில் செய்தே காட்டினார்கள். ஆதலால் முகந்தெரியாதவன் கொடுத்த கோப்பைக் கண்ணை மூடிக்கொண்டு ஃபிளாஷ் செய்வது, சாமியார் கொடுத்த பொடியை வாயில் போட்டுக்கொள்வதற்குச் சமானம். மூலக்கட்டளைகளைப் பாருங்கள், பார்க்கத் தெரிந்தவரிடம் காட்டுங்கள், உங்கள் கம்ப்யூட்டரிலேயே கோப்பை உண்டாக்கிக்கொள்ளுங்கள். நாம் சொன்னோம் என்பதற்காகவும் நம்பாதீர்கள். திறந்த மூலத்தின் பெருமை நம்பச் சொல்லுவதில் இல்லை. சோதித்துப் பார்க்க விடுவதில் இருக்கின்றது. பூட்டியதில் அந்தச் சோதனைக்கே இடமில்லை.

வருஷா வருஷம் ஆயுத பூசை என்று கீபோர்டுக்குச் சந்தனமும் குங்குமமும் வைக்கின்றார்கள். ஏற்கனவே உப்பளத்துக் கடற்காற்றில் கம்பியெல்லாம் துருப்பிடிக்கின்றது. அதன்மேல் ஈரக் குங்குமத்தையும் அப்பினால் விசை ஒட்டாமல் என்ன செய்யும்? அன்றைக்கு ஒரு நாளாவது ஸ்குரூவைக் கழற்றித் தூசி தட்டி, உள்ளே என்ன இருக்கின்றது என்று பிள்ளைகளுக்குக் காட்டினால், அதுவல்லவா கருவிக்குச் செய்யும் மரியாதை? கும்பிடுகிற கை திறந்து பார்க்காது. திறந்து பார்த்த கைக்குக் கும்பிட வேண்டிய அவசியம் வராது.

ஆகவே நாம் கேட்பது அதிகமல்ல. படிப்பகந்தோறும் இப்படித் திறந்த ஃபர்ம்வேர் உள்ள கீபோர்டு ஒன்று இருக்கட்டும். ஞாயிற்றுக்கிழமைகளில் அதைக் கழற்றிப் பூட்டவும் எழுதவும் இளைஞர்களும் பெண்களும் பழகட்டும். ஜனங்களின் வரிப்பணத்தில் பள்ளிக்கூடத்துக்கும் ஆபீசுக்கும் சாதனம் வாங்குகின்ற அரசாங்கம், "இதன் மூலக்கட்டளைகளைக் கொடுப்பாயா?" என்று விற்கிறவனைக் கேட்கட்டும். கையும் விரலும் குறைந்தவர்களுக்கு டைப்பிங் பரீட்சையிலும் உத்தியோகத்திலும், அவரவர் உடம்புக்கு ஏற்றபடி எழுதிய கீபோர்டைச் சோதனை செய்து அனுமதிக்கட்டும். இது தர்மம் அல்ல, உரிமை.

உப்பளத்துத் தோழர் இப்போது மறுபடி மனு டைப் செய்கின்றார். போன வாரம் தமக்கே ஒரு மனு டைப் செய்துகொண்டிருந்தார். எட்டிப் பார்த்தோம். மேலே சொன்ன மூன்றாவது கோரிக்கைதான் அது. கீழே கையெழுத்தையும் இடது கையாலேயே போட்டார்.